கரிய வாவியும் பாடும் வாவியும்

மெய்ப்பாடு எட்டு என வகுத்த தொல்காப்பியர், அச்சத்தை அவற்றுள் ஐந்தாவதாக வைத்தார். அது தோன்றுதற்குரிய களங்கள் நான்கு என்றும் வரையறுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. பேய், பூதம் முதலியவற்றை அணங்கு என்பதனுள் அடக்குவர் உரையாசிரியர். இவற்றைக் கண்டவன் நடுங்குவான், ஒளிவான், ஓடுவான். அஃது இயல்பு.

ஆயின், அஞ்சத்தக்க ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசைமீது நிறுத்தி, நாள்தோறும் தூசு துடைத்து மகிழ்வாரும் உளர். கள்வனை எவரும் அவ்வாறு வாங்குவதில்லை. ஆளும் இறையையும் வாங்க இயலாது. அணங்கையும் விலங்கையும் ஒன்றாய்க் குழைத்து நான்கு அங்குல உயரத்தில் வார்த்துக் கொடுத்தால் வாங்குவதற்கு உலகெங்கும் மக்கள் இருக்கின்றனர். பழைய பயங்கரத் திரைப்படங்களில் வந்த உருவங்களின் சிறு பொம்மைகளைத் தேடித் திரட்டுவது இன்று ஒரு பெரும் பொழுதுபோக்கு. ஒரு பெரும் வாணிகமுங்கூட. இதனை வெறும் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவது எளிது. தள்ளாமல் உற்று நோக்கினால், இலக்கியம் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் அதிற் சிந்திக்கத்தக்க பொருள் உண்டு.

கனடாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் கல்குடாவுக்கு வந்திருந்தார். ஊருக்கு வருவோர் வழக்கமாகக் கொணரும் இனிப்புப் பெட்டியோடு ஒரு சிறு பொம்மையையும் என் முன்னே வைத்தார். பச்சை நிற மேனி, மேனியெங்கும் செதில், கழுத்தின் இருமருங்கும் மடிப்பு மடிப்பாகச் செவுள், தடித்த மீன்வாய், இமையற்ற வட்டக்கண், விரல்களுக்கிடையே வாத்தின் காலிற் காண்பது போன்ற தோல். ஆனால் நிற்கும் நிலையோ மனிதனுடையது.

“ஐயா, இதுவும் ஒரு வாவியிலே இருந்து வந்ததுதான்” என்றார் அவர், சிரித்துக்கொண்டு.

“இதைச் செய்தவர் யார், தம்பி?” என்று கேட்டேன்.

அவர் பொம்மையைத் தலைகீழாய்ப் பிடித்து, பாதத்தின் அடியைப் பார்த்தார். “கொம்பனியின்ரை பேர்தான் இருக்குது, ஐயா.”

என் கேள்வி அவருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். தமிழ் படித்தவனுக்கு அது முதற் கேள்வி. நன்னூலார் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து எட்டுப் பொருள்களை எண்ணுகிறார். வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் ஏழுக்கும் முன்னதாக அவர் வைத்தது ஆக்கியோன் பெயர். நூலின் பெயருங்கூடப் பின்னரே வருகிறது. இந்தப் பொம்மைக்கு நூற்பெயர் உண்டு. ஆக்கியோன் பெயர் இல்லை. அப்பெயரைத் தேடிச் சென்றபோது நான் அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

திரையில் எழுந்த சூர்

அமெரிக்காவின் யுனிவேர்சல் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு படத்தின் பெயரைத் தமிழில் ‘கரிய வாவியின் பிராணி’ எனலாம். இயக்கியவர் ஜக் ஆர்னல்ட். கறுப்பு வெள்ளைப் படம். தனிக் கண்ணாடி அணிந்து பார்த்தால் உருவங்கள் திரையைவிட்டு முன்னே எழுந்து வருவதுபோலத் தோன்றும் முறையில் எடுக்கப்பட்டது.

கதை சிறியது. அமேசன் ஆற்றுப் பகுதியில் நிலத்தை அகழும் ஆராய்ச்சியாளர், விரலிடைத் தோலுடைய ஒரு கையின் கல்லான எச்சத்தைக் காண்கின்றனர். மற்ற எலும்புகளைத் தேடி ஒரு படகில் ஆற்றின் வழியே சென்று, எவரும் மீளாத கரிய வாவி ஒன்றை அடைகின்றனர். அங்கே அவ்வினத்தின் கடைசி உயிர் நீருக்கடியில் வாழ்கிறது. வந்தோரிற் சிலரை அது கொல்கிறது. அவர்களுடன் வந்த பெண்ணைக் கண்டு மயங்கி அவளைக் கவர்ந்து செல்கிறது. ஈற்றில் குண்டுபட்டு நீருள் அமிழ்கிறது.

படத்தின் உயிர்நிலை ஒரு காட்சி. அப்பெண் வாவியின் மேற்பரப்பில் நீந்துகின்றாள். அவளுக்குச் சில முழம் கீழே, அவள் அறியாமல், அவ்வுயிரும் மல்லாந்து அவளோடு நீந்துகிறது. ஒருமுறை கைநீட்டி அவள் காலைத் தொடுகிறது. பின் அஞ்சிக் கையை இழுத்துக்கொள்கிறது. அச்சுறுத்த வந்தது தானே அஞ்சுகிறது. அங்கே பார்ப்போர் உள்ளத்தில் அச்சம் இரக்கமாய்த் திரிகிறது. மறு ஆண்டே, 1955இல் வெளிவந்த வேறொரு நகைச்சுவைப் படத்தில், மேரிலின் மன்றோ ஏற்ற பாத்திரம் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்து, அந்தப் பிராணிக்காக இரக்கப்படுவதாகக் காட்டினர். 2017இல் கியெர்மோ டெல் தோரோ எடுத்த ‘நீரின் வடிவம்’ என்ற படம் இவ்விரக்கத்தையே முழுக்கதையாக விரித்தது. அதற்குச் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதும் கிடைத்தது.

கைக்கு இறங்கிய வரலாறு

திரையிலே ஆளுயரத்தில் நின்றது விரலுயரத்துக்கு இறங்கியது எப்போது? 1961இல் அவுரோரா என்னும் அமெரிக்க நிறுவனம், 1931ஆம் ஆண்டின் ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்து உருவத்தைப் பிளாஸ்டிக்கில் பல துண்டுகளாக வார்த்து, ஒரு பெட்டியில் அடைத்து விற்றது. சிறுவர்கள் துண்டுகளைப் பசையிட்டுச் சேர்த்து, தாமே நிறம் தீட்டிக்கொண்டனர். டிராகுலாவும் ஓநாய்மனிதனும் அடுத்து வந்தன. 1963இல் நமது வாவிப் பிராணியும் அவ்வரிசையிற் சேர்ந்தது. 1980இல் றெம்கோ என்ற நிறுவனம் மூன்றேமுக்கால் அங்குல உயரத்தில், கைகால் அசையும் உருவங்களாக இவற்றை வெளியிட்டது. இப்போது செய்வோரும் பலர், வாங்குவோரும் பலர். வாங்கிய பெட்டியைத் திறவாமலே காத்துவைப்போரும் உண்டு என்று அறிகிறேன். ஏட்டுச்சுவடியைக் கட்டவிழ்த்து ஒருநாளும் படியாமல், கலைமகள் பூசைக்கு மட்டும் பொட்டிட்டு வைத்த நம் முன்னோர் சிலரை அவர்கள் நினைவூட்டுகின்றனர்.

சிறுவன் ஒருவன் தன்னை இரவில் உறங்கவிடாத உருவத்தைத் தன் கையாலே ஒட்டி, தன் தூரிகையாலே அதற்குக் கண் எழுதும்போது என்ன நிகழ்கிறது? அச்சம் அவனை விட்டு முற்றாக ஒழிவதில்லை. அது அவன் ஆணைக்குள் வருகிறது. எங்கே நிற்கவேண்டும் என்பதை இப்போது அவன் சொல்கிறான். தொல்காப்பியர் வரிசையில் அச்சத்துக்கு அண்டைவீடு மருட்கை. பெரியதைச் சிறிதாகக் காண்பதும் மருட்கைக்கு இடமாகும். அண்டைவீட்டுக்குக் குடிபெயர்ந்த அச்சமே இப்பொம்மை என்பது என் எண்ணம்.

இம்முறை நம் நாட்டுக்கும் புதியதன்று. தென்னிலங்கையில் அம்பலாங்கொடை முகமூடிகளுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே சிங்கள மக்களிடையே ‘சன்னி யக்கும’ என்னும் சடங்கு உண்டு. நோய்களைத் தருவன பதினெட்டுச் சன்னி யக்குகள் என்பது அவர்களது நம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகம். நோயாளியின் முன்னே அந்த முகத்தை அணிந்தவன் ஆடிவருவான், அச்சுறுத்துவான், பின்னர் மேளகாரனோடு கேலிப்பேச்சிற் சிக்கிக் கூடியிருப்போர் நகைப்புக்கு ஆளாவான், ஈற்றில் ஒதுங்கிப் போவான். அச்சத்துக்கு முதலில் ஒரு முகம். அம்முகத்தைக் கண்டு பின் ஒரு சிரிப்பு. அம்முறையே அங்கு மருந்து. இன்று அம்முகங்கள் உள்ளங்கை அளவிற் செய்யப்பட்டு, வெளிநாட்டார் உலாவரும் இடங்களில் விற்பனையாகின்றன. அவற்றின் பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். செதுக்கியவன் பெயர் எத்தனை முகங்களில் இருக்கிறது?

முகம் இல்லாத அச்சம் எத்தகையது என்பதைக் கல்குடாக் கரையில் வாழ்வோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கல்குடா என்பது கல் நிறைந்த குடா. அதன் பக்கத்திலுள்ளது பாசிக்குடா. நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவே நீர் நிற்கும் அமைதியான கடல் பாசிக்குடாக் கடல். 2004 டிசம்பர் 26ஆம் நாள் அந்தக் கடலே எழுந்து வந்தது. அதற்கு முகமும் இல்லை. அதன் பெயரையும் அன்றுவரை நம்மிற் பலர் அறிந்திலர். ‘சுனாமி’ என்ற ஜப்பானியச் சொல்லை அன்றுதான் நாம் கற்றோம். பின்வந்த ஆண்டுகளில் பிள்ளைகளைக் கடற்படம் வரையச் சொன்னால், சிலர் அலைக்கு வாயும் பல்லும் எழுதினர். அதை நான் திருத்தவில்லை. பொம்மை செய்வோர் செய்யும் வேலையையே அப்பிள்ளைகளும் செய்தனர். உருவற்றதற்கு உருவம் கொடுத்தாலன்றி மனிதன் அதனோடு எதிர்நின்று பேச முடியாது.

ஆக்கியோன் பெயர்

இத்துணைப் பெரிய பணியைச் செய்வோர் பெயர் என்னாகிறது என்பதுதான் வருந்தத்தக்க பகுதி.

‘பிராங்கன்ஸ்டைன்’ என்ற நாவல் 1818இல் முதன்முதல் அச்சேறியபோது அதிலே ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர் மேரி ஷெல்லி என்னும் இளம்பெண். அந்நாவலில் பிராங்கன்ஸ்டைன் என்பது உருவத்தைப் படைத்தவனுடைய பெயர்; படைக்கப்பட்டதற்குப் பெயரே இல்லை. மக்களோ படைப்பைப் படைத்தவன் பெயரால் அழைத்துப் பழகிவிட்டனர். 1931இற் படம் வந்தபோது, தொடக்கத்துப் பெயர்ப்பட்டியலில் அவ்வுருவமாக நடித்த போரிஸ் கார்லொப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியை இட்டனர். விளம்பரத்துக்கான தந்திரம் அது. எனினும் அந்தக் கேள்விக்குறி இவ்வகைக் கலைஞர் அனைவர்க்கும் பொருந்தும் ஒரு குறி என்று எனக்குத் தோன்றுகிறது.

வாவிப் பிராணியின் வரலாறு இதனினும் வருந்தத்தக்கது. அதன் வடிவத்தைத் தீட்டியவர் மிலிசென்ட் பற்றிக். 1915இற் பிறந்த ஓவியர். வோல்ற் டிஸ்னியின் நிறுவனத்தில் முன்னர்ப் பணிபுரிந்தவர். செவுளும் செதிலும் மனித நிலையும் பிழையின்றிப் பொருந்திய அந்த உருவத்தின் கற்பனை அவருடையது. படம் வெளிவரும் வேளையில் அவரைப் பல நகரங்களுக்கு அனுப்பி, ‘விலங்கைப் படைத்த அழகி’ என்னும் பொருளுடைய பெயரில் விளம்பரம் செய்ய யுனிவேர்சல் எண்ணியது. ஒப்பனைத்துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோர் இதை விரும்பவில்லை. உருவத்தின் பெருமை தம் துறைக்கும் தமக்கும் உரியது என்றார். நிறுவனம் இணங்கி விளம்பரத்தை ‘விலங்கோடு வாழும் அழகி’ என மாற்றியது. படைத்தவள் உடன்வாழ்பவள் ஆனாள். ஒரு வினைச்சொல்லை மாற்றி ஒருவரது உழைப்பைப் பறிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை இலக்கண வகுப்பில் நான் காட்டமுடியாது. அவர் ஊர் ஊராய்ச் சென்று தம் கடமையை முடித்துத் திரும்பிய பின்னர், அத்துறையில் அவருக்கு மீண்டும் வேலை கொடுக்கப்படவில்லை. 1998இல் அவர் மறைந்தார். மலரி ஓமியாரா என்னும் எழுத்தாளர் அவர் வரலாற்றைத் தேடி எழுதிய நூல் 2019இலேதான் வெளிவந்தது.

அவ்வுருவத்தின் உடையை அணிந்தோர் நிலையும் வேறன்று. நிலத்திலே அதை அணிந்து நடித்தவர் பென் சப்மன். நீரடியில் அணிந்து நீந்தியவர் றிக்கோ பிறவுணிங். காற்றுக்குமிழி வெளிப்பட்டால் மாயை கலைந்துவிடும் ஆதலின், மூச்சுக்கலம் எதுவும் இன்றி மூச்சையடக்கிக்கொண்டு அவர் நீந்தினார். இவ்விருவர் பெயரும் படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறவில்லை. எழுதியவர் பெயரும் மறைந்தது. அணிந்தவர் பெயரும் மறைந்தது. உருவம் மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடைகளில் நிற்கிறது.

தமிழிலும் பெயர் தொலைந்ததுண்டு. கொல்லிமலையில் இருந்ததாகச் சங்கப் புலவர் பாடும் கொல்லிப்பாவையைத் தெய்வம் செய்தது என்றனர். காற்றும் மழையும் அதன் வடிவை அழிக்கமாட்டா என்றும் போற்றினர். கண்டாரைத் தன் நகையால் மயக்கிக் கொல்லும் என்பது பின்னையோர் வழங்கிய கதை. அழகிய உருவிலே கொலை. அது நம் பாவை. கொடிய உருவிலே இரக்கம்; அது கரிய வாவியின் பாவை. அந்தக் கொல்லிப்பாவைக்கும் உளி பிடித்த ஒரு மனிதக் கை இருந்திருக்கலாம். தெய்வத்தின் பெயர் முன்னே வந்து தச்சன் பெயரை மறைத்திருக்கலாம்.

ஆனாலும் பெயர் தொலைந்தபோது வாளாவிருத்தல் தமிழ் மரபன்று. சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தோர் கையிற் சில பாட்டுகள் கிடைத்தன. பாடினோர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் என் செய்தனர்? பாட்டில் ஒளிர்ந்த உவமையையே எடுத்துப் புலவனுக்குப் பெயராக்கினர். செம்மண் நிலத்தில் மழை கலந்ததைப் பாடியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். தேய்ந்த பழங்கயிற்றை இருபுறமும் யானைகள் இழுப்பதைப் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆனார். பெயர் அறியோம் என்று வெற்றிடம் விடாமல், ‘இதைச் செய்தவர் ஒருவர் இருந்தார்’ என்று அடையாளம் இட்டுச் சென்றனர். இத்தகைய நேர்மையை அந்தப் பெரிய படநிறுவனம் தன் கண்முன்னே நின்ற ஒரு பெண்ணுக்குச் செய்யவில்லை.

நம் வாவி

பிறர் வாவியைப் பற்றிப் பேசுவோர் தம் வாவியையும் நோக்குதல் வேண்டும். கல்குடாவிலிருந்து தெற்கே முப்பது கிலோமீற்றருக்கு மேற் சென்றால் மட்டக்களப்பு நகர். அதன் வாவியிலும் காணாத உயிர் ஒன்று உண்டு என்பது உலகறிந்த செய்தி. நிலவு எறிக்கும் அமைதியான இரவில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் காதை வைத்தால் இனிய நாதம் கேட்கும் என்பர். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராய் இருந்த எமர்சன் டெனன்ற் 1848இல் அதைக் கேட்டு, 1859இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது கண்ணாடிக் கிண்ணம் எழுப்பும் மெல்லொலியோடு அதை ஒப்பிட்டார். 1950களில் லாங் அடிகளார் என்னும் அமெரிக்க இயேசு சபைத் துறவி அவ்வொலியைப் பதிவு செய்தார். பின்னர் இலங்கை வானொலியிலும் அது ஒலித்தது. மீனா, ஊரியா, வேறொன்றா என்பதில் ஆராய்வோர் இன்னும் ஒருமுடிபுக்கு வந்திலர்.

இரவு, ஆழம், காணா உயிர், நீரடியிலிருந்து வரும் குரல். கரிய வாவிக் கதைக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் இங்கே இருக்கின்றன. ஹொலிவூட் இவற்றைக்கொண்டு ஒரு சூரைச் செய்தது. நம்மவர் ஒரு பாடலைக் கேட்டனர். காரைதீவிற் பிறந்து ‘யாழ்நூல்’ தந்த விபுலாநந்த அடிகளார் அந்த ஒலியை நீரரமகளிரின் இசையாகக் கொண்டு கவிதை யாத்தார். மட்டக்களப்பு மண்ணுக்கு ‘மீன்பாடும் தேனாடு’ என்ற பெயர் நிலைத்தது. அச்சத்தை மருட்கையாக்கப் பிற நாட்டார்க்குப் பிளாஸ்டிக் வேண்டியிருந்தது. நமக்கு ஒரு சொல்லே போதுமாயிற்று. இதிற் பெருமைகொள்ள நமக்கு உரிமை உண்டு.

பெருமையோடு ஒரு கடனும் உண்டு. டெனன்ற் தாமாக அந்த ஒலியைக் கண்டுபிடிக்கவில்லை. இரவில் அவரைத் தோணியில் ஏற்றிச் சென்று, இன்ன இடத்தில் நிற்குக, இவ்வாறு கேட்குக என்று காட்டியவர்கள் இவ்வாவியின் மீனவர்கள். இது ஊரியின் அழுகை என்று அவருக்கு அதன் பெயரையும் சொன்னவர்கள் அவர்களே. டெனன்ற் பெயர் நூலில் நிற்கிறது. அடிகளார் பெயர் கவிதையில் நிற்கிறது. லாங் பெயர் ஒலிப்பதிவில் நிற்கிறது. துடுப்பை நீட்டிய கை யாருடையது? கரிய வாவியின் பொம்மைப் பாதத்தில் இல்லாத பெயர், நம் பாடும் வாவியின் வரலாற்றிலும் இல்லை.

கடந்துபோனதை மீட்பது அரிது. இன்றுள்ளதைக் காப்பது அரிதன்று. போரும் கடற்கோளும் இக்கரையில் முதியோர் பலரைக் கொண்டுபோயின. எஞ்சியோர் வாயில் இன்னும் சொற்கள் இருக்கின்றன: மீன்களின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், இன்ன காலத்து இன்ன துறையில் இறங்கலாகாது என்னும் எச்சரிக்கைகள், வாவியைப் பற்றிய பேய்க்கதைகள். ஆசிரியர்கள் மாணவரை அனுப்பி இவற்றைத் தொகுப்பித்தல் வேண்டும். தொகுக்குங்கால் ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் சொன்னவர் பெயரையும், ஊரையும், நாளையும் எழுதுவித்தல் வேண்டும். ‘ஒரு மீனவர் கூறினார்’ என்று முடிக்கும் கட்டுரைக்கு நான் புள்ளி குறைப்பதுண்டு. பெயர் சொல்ல விரும்பாதார் உளராயின், செம்புலப்பெயனீராருக்குத் தொகுத்தோர் செய்ததுபோல, அவர் சொன்ன நல்ல சொல்லொன்றாலேனும் அவரைக் குறித்துவைத்தல் தகும்.

அந்தப் பச்சைப் பொம்மை இப்போது எங்கள் கல்லூரி நூலகத்தில், நிகண்டுகள் உள்ள அலுமாரியின் மேல்தட்டில் நிற்கிறது. அதன் அடியில் மூன்று சிறு அட்டைகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். வடிவம் தீட்டியவர் மிலிசென்ட் பற்றிக். நிலத்தில் நடந்தவர் பென் சப்மன். நீரில் நீந்தியவர் றிக்கோ பிறவுணிங். நான்காவதாக ஓர் அட்டையை எழுதாமல் வைத்திருக்கிறேன். அச்சை வார்த்து, கண்ணுக்கு மை தொட்ட தொழிலாளிக்கு உரியது அது. எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில் இருக்கிறாரோ! நூலகத்துக்கு வரும் மாணவர் அவருக்கொரு பெயர் சூட்டுக என்று கேட்டிருக்கிறேன். இதுவரை கிடைத்தவற்றுள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதித் தந்த ‘செவுள்வரைந்த கையார்’ என்பது நன்றாக இருக்கிறது.